இரண்டு மணிக்கு மேல்தான் பாயசம்

என் கணவருக்கு மலேசியாவின் இந்த ஜொகூர் மாநிலத்தில் ஆயிரக்கணக்கானவர்களின் உச்சந்தலை தெரியும். முகம் தெரியாது, உச்சந்தலை மட்டும்தான். யாருக்கு வழுக்கை விழத் தொடங்கியிருக்கிறது, யார் தலைக்கு மை பூசி ஒரு மாதம் ஆகிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. இருபது வருடங்களாகக் கல்யாண விருந்துகளில் பாடுகிறார். மேடையில் நின்று பார்த்தால் எல்லாரும் தட்டைப் பார்த்துக் குனிந்திருப்பார்கள்.

மற்ற நாட்களில் அவர் பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்ப்பவர். ஷிப்ட் வேலை. அவருடைய குழுவில் மொத்தமே மூன்று பேர். இவர் பாடுவார். கீபோர்டு வாசிப்பவர் அதே தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றி இறக்கும் பஸ் டிரைவர். தபேலா வாசிப்பவர் எங்கள் குடியிருப்புத் தாமான் முனையில் இருக்கும் உணவகத்தில் ரொட்டி சானாய் மாஸ்டர். காலையில் மாவை வீசி மேசையில் அடிப்பதும் மாலையில் தபேலாவில் அடிப்பதும் அவருக்கு ஒரே கைதான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எது எது என்று எனக்கே சில சமயம் தெரியாது.

விருந்துகளுக்கு நானும் கூடப் போவேன். பாட்டுக் கேட்க என்று சொல்லிக்கொள்வேன். உண்மையில் நான் போவது சண்டைக்கு. ரெங்கம் ஊரில் ஒரு மதிய விருந்து. இவர் உயிரைக் கொடுத்துப் பாடிக்கொண்டிருக்கிறார். என் மேசையில் ஒருவர் ஆட்டுக்கறி எலும்பை உறிஞ்சிக்கொண்டே சொன்னார், "என்னாங்க இது, சத்தம் காதக் கிழிக்குது. ஹேண்ட்போன்ல பாட்டப் போட்டு விட்டா பத்தாதா?"

"அண்ணே, அந்த எலும்பக் கொஞ்சம் கீழ வச்சிட்டு மேல பாருங்க. பாடுறது எங்க வீட்டுக்காரரு" என்றேன்.

பாவம், அவருக்கு முகம் செத்துவிட்டது. பாட்டு முடிந்ததும் இடது கையால் மேசையைத் தட்டினார். எங்கள் விருந்துகளில் கைத்தட்டல் என்றால் அதுதான். வலது கை குழம்பில் இருக்கும்; இடது கை மட்டும் மேசையில் ரெண்டு தட்டுத் தட்டும். இருபது வருடங்களாக என் கணவர் வாங்கிய பாராட்டெல்லாம் ஒற்றைக்கைப் பாராட்டுதான்.

அன்று வீடு திரும்பும்போது காரில் அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அந்த மனுசன் எலும்ப எங்க வைக்கிறதுன்னு தெரியாம முழிச்சாரு பாத்தியா?" பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, சாலையைப் பார்த்தபடியே சொன்னார்.

"இந்த வருசத்தோட நிறுத்திக்கலாம்னு பாக்குறேன். ஸ்பீக்கர யாருக்காச்சும் கொடுத்துடலாம்."

"ஏன்?"

"நாங்க மூணு பேரும் சேந்து ஒரு பாட்டு போட்டிருக்கோம். சொந்தப் பாட்டு. ஒரே ஒரு தடவ, யாரும் சாப்பிடாம, நேரா எங்களப் பாத்து உக்காந்து அதக் கேட்டாங்கன்னா போதும். விருந்துல அதப் பாட முடியுமா? சினிமாப் பாட்டு பாடு தம்பின்னு சீட்டு அனுப்புவாங்க."

எனக்கு இரண்டு விதமாகக் கோபம் வந்தது. ஒன்று, இருபது வருடப் பாட்டை இந்த மனிதர் ஏதோ பழைய சோபாவைத் தூக்கிப் போடுவது போல முடிக்கப் பார்க்கிறார். இரண்டாவது, கட்டிய மனைவிக்குத் தெரியாமல் ஒரு பாட்டு. பாடிக் காட்டச் சொன்னேன். மாட்டேன் என்றார். "மேடையில கேளு."

அவர் பாடாத வீடு எப்படி இருக்கும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை. மறுநாள் காலையில் முடிவு செய்துவிட்டேன். மேடை நானே போடுகிறேன்.

நம் ஆட்களுக்கு ஆதரவு கொடுக்க வேண்டும் என்று பேசாதவர்கள் எங்கள் தாமானில் கிடையாது. வாட்ஸாப்பில் ஒருவர் பாடி அனுப்பினால் போதும், கும்பிடு கும்பிடாக வந்து விழும். அதில் பாதிப் பேர் பாட்டைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். ஆதரவு என்றால் என்னைப் பொறுத்தவரை மிகவும் எளிது. வீட்டை விட்டுக் கிளம்பி வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு, பாட்டு முடியும் வரை இருப்பது. காசு பணம்கூட இரண்டாவதுதான். இதைச் செய்ய வைக்க எண்பது பேரைப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

நான் பள்ளிக்கூட அலுவலகத்தில் கிராணி, எழுத்து வேலை. தேதி, நேரம், அறிவிப்பு இதெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. பாலாய் ராயாவுக்கு, அதாவது எங்கள் தாமான் பொது மண்டபத்துக்குப் போய், அதைப் பார்த்துக்கொள்ளும் மலாய்ப் பெரியவர் பாக் சிக்கிடம் பதிவு செய்தேன். விடுமுறை நாள், வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி. அழகாக அறிவிப்பு அச்சடித்தேன். உணவகத்தில், சலவைக் கடையில், பஸ் நிற்கும் இடத்தில் எல்லாம் ஒட்டினேன். பார்த்தவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். "வெள்ளிக்கெழமதானே, கண்டிப்பா வாறோம் லா" என்றார்கள். ஒரு வாரம் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ரொட்டி மாஸ்டர்தான் என்னைத் தரைக்கு இறக்கினார். பசியாறப் போயிருந்தேன். மாவை வீசிக்கொண்டே கேட்டார்.

"அக்கா, ஒன்னு கேட்டா கோவிச்சிக்க மாட்டீங்களே? வெள்ளிக்கெழம இப்ப வேல நாளாச்சே. யாரு வருவாங்க?"

நான் கையிலிருந்த கோப்பியைக் கீழே வைத்தேன்.

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. பத்துப் பதினோரு வருடங்களாக ஜொகூரில் அரசாங்க அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் வெள்ளியும் சனியும்தான் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வேலைக்குப் போவோம். அந்த வருடத் தொடக்கத்தில்தான் மற்ற மாநிலங்களைப் போல சனி, ஞாயிறு என்று மாற்றினார்கள். மாற்றி சில மாதங்கள்தான். என் கை இன்னும் மாறவில்லை. விடுமுறை என்று நினைத்ததும் அது தானாக வெள்ளி என்று எழுதிவிட்டது. படித்த அத்தனை பேரின் கண்ணும் அதே பழைய வழக்கத்தில் தலையாட்டியிருக்கிறது. இதில் கொடுமை என்ன தெரியுமா? விடுமுறை மாறுகிறது என்று பள்ளியில் எல்லாப் பெற்றோருக்கும் போன கடிதத்தைத் தட்டச்சு செய்தவளே நான்தான்.

"அலமாக்!" என்றேன். ரொட்டி மாஸ்டர் சிரிக்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார்.

பாக் சிக்கிடம் ஓடினேன். சனி, ஞாயிறு கேட்டேன். அவர் நோட்டைத் திருப்பிக் காட்டினார். இப்போது எல்லாருக்கும் ஒரே விடுமுறை ஆகிவிட்டதால் சனி, ஞாயிறெல்லாம் மாதக் கணக்கில் கல்யாணம், காது குத்து, பூப்பந்து. வெள்ளி மட்டும் வெறிச்சோடிக் கிடந்தது. வருடக் கடைசிக்குள் வேறு இடமே இல்லை.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரித்தார். "விடு. நமக்கு அந்த யோகம் இல்ல போல." அவர் திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. "யோகமாவது மண்ணாவது" என்று சொல்லிவிட்டு, பேனாவும் தாளும் எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தேன்.

வெள்ளிக்கிழமை யார் யாருக்கு எப்போது ஓய்வு என்று எழுதிப் பார்த்தேன். பள்ளி மதியத்தோடு விட்டுவிடும். அலுவலகங்களுக்குத் தொழுகைக்காக நீண்ட இடைவேளை. பன்னிரண்டேகாலிலிருந்து இரண்டேமுக்கால் வரை. இரவு ஷிப்ட் முடித்தவர்கள் மதியம் எழுந்துவிடுவார்கள். பஸ் டிரைவருக்குக் காலை ஓட்டம் முடிந்தால் இரண்டரை வரை வேலை இல்லை. என் கணவர் ஒரு நாள் விடுப்புப் போட்டால் போதும். எழுத எழுத எனக்கே சிரிப்பு வந்தது. பாசிர் கூடாங்கில் இத்தனை விதமான வேலைக்காரர்களும் சேர்ந்தாற்போல் ஓய்வாக இருப்பது வெள்ளிக்கிழமை நண்பகலில் மட்டும்தான்.

ஒரே ஒரு சிக்கல். ரொட்டி மாஸ்டர்.

"ஜும்மாவுக்குப் போவணும்க்கா. பள்ளிவாசல் பக்கத்து ரோடுதான். ரெண்டு மணிக்குள்ள வந்துருவேன்" என்றார்.

"அந்தப் பாட்டு தபேலாவுலதான் ஆரம்பிக்குது. அவரு இல்லாம முடியாது" என்றார் என் கணவர்.

"எனக்கு ரெண்டரைக்கு பஸ் எடுத்தாவணும் அண்ணி. ஒரு நிமிசம் பிந்துனாலும் ஷிப்ட் ஆளுங்க ரோட்டுல நிப்பாங்க" என்றார் டிரைவர்.

ஆக, மூன்று பேரும் ஒன்றாக மேடையில் இருக்கப்போவது இரண்டிலிருந்து இரண்டரை வரை. அந்த அரைமணி நேரத்துக்கு மண்டபத்தில் ஆட்கள் இருக்க வேண்டும். மதிய நேரம் என்பதால் சாப்பாடு போடாமல் முடியாது. ஆனால் சாப்பாடு போட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? கை கழுவிய ஈரம் காயும் முன்பே நம் ஆட்கள் செருப்பைத் தேடுவார்கள்.

அதனால் ஒரு சட்டம் போட்டு, பழைய அறிவிப்புகளின் மேலேயே புதிதாக அச்சடித்து ஒட்டினேன். பன்னிரண்டரைக்குச் சைவச் சாப்பாடு, மண்டபத்துக்கு வெளியே கூடாரத்தில். ஒரு மணிக்கு எல்லாரும் கை கழுவிவிட்டு உள்ளே வந்து உட்கார வேண்டும். உள்ளே ஒரு பருக்கைகூட வரக்கூடாது. பாயசம் மட்டும் பிறகு. எப்போது என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில். "ரெண்டு மணிக்கு மேலதான் பாயசம். பாட்டு முடிஞ்சி."

அன்றைக்கு எண்பதுக்கும் மேல் வந்தார்கள். பள்ளி ஆசிரியைகள், அலுவலகத்து ஆட்கள், தூக்கக் கண்ணோடு இரவு ஷிப்ட்காரர்கள், தொழிற்சாலை டீஷர்ட்டோடு சிலர். ரெங்கமில் எலும்பை உறிஞ்சிய அந்த மனிதர்கூட வந்தார். அவர் பக்கத்துத் தாமான்தானாம். என்னைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார், எலும்பு இல்லை என்று.

ஒரு மணிக்கு அவர்களை உள்ளே ஓட்டினேன். கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றேன். பக்கத்தில் பாயசம் நிறைந்த அண்டா, மூடி போட்டு. கீபோர்டில் தாளப் பட்டனைப் போட்டு, கேட்டுப் பழகிய பாட்டுகளைப் பாடினார்கள். நன்றாகத்தான் போனது. ஆனால் என் கணவரிடம் ஏதோ ஒன்று சரியில்லை என்று எனக்குத் தோன்றியது. வழக்கமாக மைக்கைப் பிடித்தால் குலுங்கிக் குலுங்கிப் பாடுகிறவர், அன்று கம்பம் நட்டதுபோல நின்றார்.

இரண்டு அடித்து ஐந்து நிமிடம். ரொட்டி மாஸ்டர் கைலியும் தொப்பியுமாக ஓட்டமும் நடையுமாக வந்தார். நெற்றியில் வியர்வை. சட்டையில் அத்தர் வாசனை. "வந்துட்டேங்க்கா" என்று சொல்லிவிட்டு நேராக மேடையேறி தபேலாவின் முன் உட்கார்ந்தார். மண்டபம் கப்சிப் ஆனது. நான் இருபது வருடங்களாக ஆசைப்பட்ட அமைதி. எண்பது முகங்களும் என் கணவரையே பார்த்தன.

தபேலா தொடங்கியது. கீபோர்டு சேர்ந்தது. அவர் வாயைத் திறந்தார். குரல் வரவில்லை.

தபேலா மறுபடி முதலிலிருந்து வந்தது. மறுபடியும் அவர் வாயைத் திறந்தார், மூடினார். அவருடைய கண் ஒவ்வொரு முகமாகப் போய் வந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த மனிதருக்கு முகங்களைப் பார்த்துப் பாடிப் பழக்கமே இல்லை. தட்டுச் சத்தம், கரண்டிச் சத்தம், பிள்ளைகள் ஓடும் சத்தம், அதற்குள்தான் அவருடைய குரல் இருபது வருடம் வளர்ந்திருக்கிறது. அவர் ஆசைப்பட்டதை நான் அப்படியே கொடுத்துவிட்டேன். அதுவே அவரைப் பாடவிடவில்லை.

டிரைவர் கீபோர்டை வாசித்துக்கொண்டே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு பத்து.

அடுத்து நான் செய்ததை யோசித்துச் செய்யவில்லை. அண்டா மூடியைத் தூக்கித் தரையில் போட்டேன். அது கணகணவென்று சுழன்று அடங்கியது. "பாயசம்!" என்று கத்தினேன். "எல்லாருக்கும் பாயசம்! உக்காந்த எடத்துலயே வரும்!"

என் சட்டத்தை நானே உடைத்தேன். கரண்டியால் அண்டா விளிம்பில் வேண்டுமென்றே தட்டித் தட்டி ஊற்றினேன். எவர்சில்வர் தம்ளர்கள் கணகணத்தன. பள்ளி ஆசிரியைகள் இருவர் எழுந்து வந்து வரிசை வரிசையாகக் கொடுத்தார்கள். நாற்காலிகள் கிறீச்சிட்டன. யாரோ இனிப்புப் போதுமா என்றார்கள். யாரோ முந்திரி வந்ததா என்றார்கள். எண்பது தலைகளும் தம்ளரைப் பார்த்துக் குனிந்தன. அவருக்கு நன்றாகத் தெரிந்த அந்த உச்சந்தலைகள்.

மேடையில் அவர் தோள் இறங்கியதைப் பார்த்தேன். மூச்சை இழுத்தார். பாடினார்.

*பஸ்ஸை விட்டு நான் இறங்க, நீ ஏறப் போகிறாய்*
*கை மாறும் குடையோடு ஒரு சிரிப்பும் மாறுமே*
*குடை ஒன்று நம்மிடம், மழை மட்டும் இரண்டு*

என் கை கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டது.

அது எங்கள் கதை. பத்து வருடமாக எனக்கு வெள்ளியும் சனியும் விடுமுறை. அவருக்கு ஷிப்ட் எங்கே கொண்டுபோய் விடுகிறதோ அந்த நாள். இரவு ஷிப்ட் முடித்து அவர் தாமான் முனையில் பஸ்ஸிலிருந்து இறங்கும் நேரம்தான் நான் வேலைக்குக் கிளம்பி என் பஸ்ஸுக்காக அங்கே நிற்பேன். மழை நாட்களில் அவர் கையிலிருந்த குடையை வாங்கிக்கொண்டு போவேன். அவர் நனைந்தபடி வீட்டுக்கு ஓடுவார். அதைப் பற்றி நாங்கள் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை. பஸ்ஸுக்குள்ளிருந்து அந்த டிரைவர் பத்து வருடம் பார்த்திருக்கிறார். மெட்டுப் போட்டது அவர்தான் என்று பிறகு சொன்னார்கள். தாளம் ரொட்டி மாஸ்டருடையது. கூரையில் மழை விழுவதும் மாவு மேசையில் விழுவதும் கலந்த ஒரு தாளம்.

எனக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை. மறைக்கவும் கையில் இடமில்லை.

அப்புறம்தான் கவனித்தேன். மண்டபத்தில் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. முன்வரிசையில் ஒரு அம்மா தம்ளரை வாய்வரை கொண்டுபோய் அப்படியே வைத்திருந்தார். அவர் கணவரும் ஷிப்ட்காரர். பின்வரிசையில் தொழிற்சாலை டீஷர்ட்காரர்கள் தலையைத் தூக்கினார்கள். ஒவ்வொரு தலையாக நிமிர்ந்தது. எலும்புக்காரர் தம்ளரை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு மேடையையே பார்த்தார். இரண்டாவது சரணம் வரும்போது ஒருவரும் குடிக்கவில்லை. மறுபடி எண்பது முகங்கள். என் கணவர் அவற்றைப் பார்த்தார். இந்தத் தடவை குரல் நிற்கவில்லை.

பாட்டு முடிந்ததும் ஒரு குழப்பம். எல்லாருடைய கையிலும் தம்ளர். ஒரு கணம் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. பழக்கதோஷத்தில் சிலருடைய இடது கை மேசையைத் தேடியது. மேசை இல்லை. அப்புறம் அந்த எலும்புக்காரர் குனிந்து தம்ளரைத் தரையில் வைத்தார். பக்கத்திலிருந்தவரும் வைத்தார். வரிசை வரிசையாகத் தம்ளர்கள் தரையில் இறங்கின. அதன் பிறகு கை தட்டினார்கள். இரண்டு கையாலும்.

டிரைவர் கீபோர்டை உறையில்கூடப் போடாமல் எழுந்தார். "அண்ணே, ரெண்டரை ஆச்சி, ஷிப்ட் ஆளுங்க நிப்பாங்க" என்று கத்திக்கொண்டே கூட்டத்துக்குள் புகுந்து ஓடினார். போகிற வழியில் ஆளுக்கு ஆள் அவர் முதுகில் தட்டினார்கள். ரொட்டி மாஸ்டர் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆறிப்போன பாயசத்தை நான் திரும்ப அண்டாவில் வாங்கிச் சூடு பண்ணப் போவதாகச் சொல்லிப் பார்த்தேன். யாரும் தம்ளரைக் கொடுக்கவில்லை. ஆறியதையே நின்றுகொண்டு குடித்தார்கள்.

நான் மேடைப் பக்கம் போனேன். ஸ்பீக்கரை யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்று கேட்கத்தான் போனேன். அதற்குள் அவர் என்னைத் தாண்டி, வாசலில் சாவிக்கொத்தோடு நின்றிருந்த பாக் சிக்கைத் தேடிப் போய்விட்டார். அடுத்த மாதம் வெள்ளிக்கிழமைகள் எல்லாம் காலியாக இருக்கின்றனவா என்று மலாயில் கேட்டார். கையிலிருந்த மைக்கை அணைக்க மறந்திருந்தார்.